பிரகாசி அக்கா மாட்டிய முதல் போர்டு

செவ்வாய்க்கிழமை காலை இரண்டாம் ஈடு ரொட்டி அடுப்பில் இருந்தது. எதிர்க்கடை மாஸ்டர் வந்து வாசலிலேயே நின்றார். "அண்ணாச்சி, அக்கா போயிட்டாவ" என்றார். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. அந்த ஈடு முழுவதும் கருகிப்போனது.

பிரகாசி அம்மாளை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கப்பல் வேலைக்குப் போன கணவர் இறந்தபின், குடும்பப் பேக்கரியைத் தனியாளாக நடத்தியவர். தெருவுக்கு அந்தப் பக்கம் அவர் கடை, இந்தப் பக்கம் என் கடை. கிறிஸ்துமஸ் சமயத்தில் எங்கள் ஊர் வீட்டுக்காரர்கள் மாவு, முட்டை, சீனி, வெண்ணெய் எல்லாம் தாங்களே கொண்டுவந்து பேக்கரியில் கேக் போட்டு வாங்குவார்கள். கேக் வேகும்வரை என் அடுப்பைவிட்டு நகரமாட்டார்கள், வெண்ணெயை மாற்றிவிடுவேனாம்! அக்காவிடம் மட்டும் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் பூசைக்குப் போய்விடுவார்கள். எனக்கு வயிறு எரியும்.

புதுத் துறைமுகம் வந்தபின் ஊரில் கூட்டம் பெருகியது. விளாத்திகுளம் பக்கமிருந்து வந்த வெண்ணெய் போதவில்லை. பேக்கரிக்காரர்கள் நாங்கள் மலிவான வனஸ்பதியை, அதாவது டால்டாவைப் போட்டு, வெண்ணெய் கேக் என்றே விற்றோம். அக்கா பேக்கரி சங்கத்தில் எழுந்து நின்றார். வனஸ்பதி போடுகிற அன்று கடைவாசலில் போர்டு மாட்ட வேண்டும், இதற்குத் தின்கிறவர்களும் ஓட்டுப் போட வேண்டும் என்றார். வீட்டுக்கு ஒரு சீட்டு என்று முடிவாயிற்று. நான் வீடு வீடாகப் போய் எதிர்த்துப் பேசினேன். அவரிடமே சண்டைக்குப் போனேன்.

"எங்க வயித்துல அடிக்காதீய அக்கா!"

"போடாதன்னா சொல்லுதேன், சேவியரு? போட்டா சொல்லுன்னுதான சொல்லுதேன்."

ஞாயிறு பூசை முடிந்து ஓட்டு நடந்தது. அக்கா பக்கம் ஜெயித்தது. மறுநாள் முதல் போர்டு தொங்கியது அவருடைய கடையில்தான்! 'இன்று வனஸ்பதி கேக்' என்று சாக்கட்டியில் எழுதியிருந்தார். வெண்ணெய்க்காரர் வரவில்லையாம். ஓடிப்போய்க் கேட்டேன்.

"சீட்டுப் போடப் போகும்போதே வெண்ணெய்ப் பானை காலிதான். அதுக்காவ ஓட்ட மாத்திப் போட முடியுமா?" என்றார்.

அன்று அவரிடம் கேக் சொல்லியிருந்த கல்யாண வீட்டார் போர்டைப் பார்த்துவிட்டு, தெருவைக் கடந்து என்னிடம் வந்தார்கள். "வெண்ணெய் இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். என்னிடமும் இல்லை. இருக்கிறது என்றேன்.

அடுத்த வாரம் நானும் போர்டு மாட்டினேன். ஆனால் அந்தக் கல்யாணக் கேக்கைப் பற்றி அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. தினமும் காலையில், "சேவியரு, டீ குடிச்சியா?" என்று அங்கிருந்தே சத்தம் கொடுப்பார். இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், நாளைக்குத் தள்ளுவேன். இப்படியே வருடங்கள் போயின. இந்த வாரம் முழுவதும் அந்தச் சத்தத்துக்காகக் கடைவாசலில் நிற்கிறேன். ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் என்றிருக்கிறது.

அடக்கம் முடிந்து திரும்பும்போது அவர் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"அந்தக் கல்யாணத்துக்கு நாங்களும் போயிருந்தோம் மாமா. ஒரு வாய் வச்சதுமே அம்மாவுக்குத் தெரிஞ்சிட்டு. நான் எந்திரிச்சேன், கேட்டுருவோம்னு. 'சும்மா தின்னு ஏளா, அவனே வந்து சொல்லுவான்'னாவ."

எதிர்க்கடை சாத்திக் கிடக்கிறது. அக்கா, வந்துவிட்டேன். அது வனஸ்பதிதான். போய் வாருங்கள்.