செவ்வரத்தையில் உட்கார்ந்த பூச்சி

சுருண்ட வெண்டியிலையைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பூச்சி மேல் அல்ல, பெரியப்பா மேல்.

கட்டுகஸ்தோட்டையில் அவர் வீட்டின் பின்னறையில்தான் நானும் அப்பாவும் இருந்தோம். அம்மா வீட்டுவேலைக்குக் குவைத் போயிருந்தாள். போவதற்கு முன் வேலியோரம் ஒரு செவ்வரத்தைக் கொம்பை, செம்பருத்தி என்பார்களே அதை, ஊன்றி, "பூத்தா போன்ல காட்டணும் புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனாள். அது முதல் மொட்டு விட்ட வாரத்தில்தான் பெரியப்பாவின் வெண்டிப் பாத்தியில் இலைகள் பீடி சுற்றியது போலச் சுருளத் தொடங்கின. பிரித்தால் உள்ளே பச்சைப் புழுவும் அதன் கறுப்புப் பீயும்.

ஒரு காலை, மஞ்சள் சிறகில் பழுப்புக் கோடு போட்ட சின்ன அந்துப்பூச்சி ஒன்று என் செடியில் உட்கார்ந்திருந்தது. போதாதா? பெரியப்பா தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"இங்கதான் குடித்தனம் நடத்துது. புடுங்கிடணும்."

நான் செடி முழுக்கத் தேடினேன். சுருண்ட இலை ஒன்றே ஒன்று. பிரித்தால் உள்ளே சிலந்தி. ஓடிப்போய்க் காட்டினேன்.

"பெரியப்பா, இது சிலந்தி! புழு இல்ல, பாருங்க!"

"பூச்சிக்கு வக்கீல் வந்துட்டாங்க" என்று சிரித்தபடியே வேரோடு பிடுங்கினார். மொட்டு மண்ணில் புரண்டது. நான் கத்திய கத்தலுக்குப் ஊர்ப் பாலத்தில் போன பஸ்ஸே நின்றிருக்க வேண்டும். அப்பா வாசலில் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமும் வெண்டி சுருண்டது. "மிச்சம் மீதிப் பூச்சி" என்றார் பெரியப்பா, வெட்கமே இல்லாமல். அந்தப் பூச்சி செவ்வரத்தையிலும் வாழும் என்று வளர்ந்தபின் தெரிந்துகொண்டேன். வாழட்டும். என் செடியில் வாழவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மா வீடியோவில் வந்தாள். "எங்க என் செவ்வரத்தை?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "வெளிய ஒரே மழை" என்றார். அவருக்குப் பின்னால் ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அம்மா, "பெரியப்பா சொல்றதக் கேட்டு நட புள்ள" என்றாள். அதன்பின் அந்தச் செடியைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. மறந்துவிட்டாள் என்று அவள் மேலும் கோபம் வந்து, அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளில் நான் போனுக்கே போகவில்லை. அந்த ஜன்னல் வெயிலை அவளும் பார்த்திருப்பாள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.