போனக்காட்டு நேயர்

என் முதல் நேயரை நானே உண்டாக்கினேன். ஆரியசாலையில், மிளகாய் மண்டி ஒன்றின் மாடி அறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இடது கையால் எழுதி.

பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை. வெட்கப்படவேண்டிய அளவுக்கு வெட்கப்பட்டு முடித்துவிட்டேன், அதனால் சொல்கிறேன்.

யுத்தகாலம். திருவனந்தபுரத்தில் வானொலி நிலையம் புதிதாகத் தொடங்கியிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலத்தில் அரைமணி நேரம் தமிழ். அந்த அரைமணிக்கு அறிவிப்பாளன், பேட்டி காண்பவன், நேயர் கடிதங்களைப் பிரிப்பவன், வந்த விருந்தாளிக்குத் தண்ணீர் மொண்டு கொடுப்பவன் எல்லாம் ஒரே ஆள். நான்தான். தற்காலிக நியமனம். நாஞ்சில் நாட்டிலிருந்து படிக்க வந்தவன். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் ஒருவர் உண்டு, வயலுக்கு ஆகாதவன் என்று என்னைக் கைகழுவியவர். கல்லூரியில் யாரோ ஒருத்தன் என் குரல் நன்றாக இருக்கிறது என்று சொன்னான். அவன் அதற்கு முன்பு என்னிடம் ஒரு புத்தகம் இரவல் கேட்டிருந்தான் என்பதை நான் அப்போது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒலிபரப்பு அறைக்குச் சுவரெல்லாம் கனத்த துணி. உள்ளே பேசினால் எதிரொலி கிடையாது. வார்த்தை வாயை விட்டு இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். பதிவுசெய்து வைக்கிற வசதியும் அப்போது இல்லை. பேசியது பேசியபடி காற்றோடு போய்விடும். ஊருக்கெல்லாம் பேசுகிற என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு மட்டும் தெரியாது. அறைக்குத் திரும்பினால் கீழே மண்டியில் மிளகாய் மூட்டை இறக்குவார்கள். அந்த நெடியில் நான் தும்முவதுதான் வீட்டில் என் சம்பாஷணை. சாலைத் தெருவில் ஓட்டல்காரர் தினமும் "பின்னெயும் தோசையா?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்லாமல் சில நாட்களில் நின்றுகொண்டிருப்பேன், இன்னும் ஒரு கேள்வி கேட்பாரோ என்று.

நகரத்துப் பூங்காவில் பொதுமக்களுக்காக ஒரு ரேடியோ வைத்திருந்தார்கள். என் நிகழ்ச்சியைப் பற்றி அங்கே தோட்டக்காரரிடம் ஒரு நாள் விசாரித்தேன்.

"தமிழோ?" என்றார் அவர். "ஆ நேரத்து ஞான் அது ஓஃப் ஆக்கும் சாரே. செடிக்கு வெள்ளம் ஒழிக்கண்டே?"

செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது நல்ல காரியம். 

இனி, பேட்டி. அந்தக் காலத்துப் பேட்டியை இப்போதையது போல நினைத்துக்கொள்ளக்கூடாது. கேள்வியை நான் எழுதவேண்டும். பதிலையும் நானே எழுதவேண்டும். நிலைய அதிகாரி ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போடுவார். அதன்பிறகு அதில் ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. யுத்தகாலம் அல்லவா, யார் வாயில் என்ன வரும் என்று சர்க்காருக்குப் பயம். விருந்தாளி வந்து தாளைப் பார்த்து வாசித்துவிட்டுப் போவார். ஒரு வைத்தியர், நான் அவருக்காக எழுதியிருந்த பதிலை உருக்கமாக வாசித்து, "அடைப்புக்குறிக்குள் மெல்லிய சிரிப்பு" என்பதையும் அதே உருக்கத்துடன் வாசித்தார். யாரும் புகார் எழுதவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அதிகாரியையும் அதுதான் பயமுறுத்தியிருக்கிறது. கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர். கோபம் வந்தால் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து மூடுவார். ஒரு நாள் அது மூன்று தடவை திறந்து மூடியது.

"ஓய், உம்ம தமிழ் நிகழ்ச்சிக்குக் கடுதாசி ஏதாவது வந்துதோ?"

"இல்லை சார்."

"மலையாளத்துக்குக் கட்டுக் கட்டா வரது. மேலேர்ந்து கேக்கறா, அந்த அரைமணியைப் பாட்டுக்குக் குடுத்தா என்னன்னு. கேக்கறதுக்கு ஆளே இல்லாட்டா யாருக்காக்கும் இந்தப் பேச்சு? ரெண்டு மாசம் பாக்கறேன். அப்பறம் நிறுத்த வேண்டியதுதான். நிறுத்தினா உமக்கும் இங்கே ஜோலி இல்லை, மனசிலாச்சோ?"

மனசிலாயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இடது கையில் பேனாவை எடுத்தேன்.

யாராக இருக்கலாம் என்று யோசித்தேன். நகரத்து ஆளாக இருந்தால் யாராவது போய்ப் பார்த்துவிடுவார்கள். போனக்காடு என்றால் மலைமேல் தேயிலைத் தோட்டம். வேலை செய்கிறவர்கள் எல்லாம் தமிழ் ஆட்கள். அத்தனை தூரம் யார் போய் விசாரிப்பார்கள்? ஆகவே, தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். கடிதங்களைப் பிரிப்பது என் வேலையாகையால் தபால் முத்திரைத் தொல்லையும் இல்லை. காலையில் தபால் தட்டில் போட்டேன், பத்து மணிக்கு நானே பிரித்து ஆச்சரியப்பட்டேன்.

முதல் கடிதம் நிகழ்ச்சியைப் புகழ்ந்தது. இரண்டாவது, கொஞ்சம் குறை சொன்னது. நம்பும்படி இருக்க வேண்டாமா? மூன்றாவதில்தான் எனக்கே எதிர்பாராத ஒன்று நடந்தது. வாத்தியார் எழுதியிருந்தார்: "செவ்வாய்க்கிழமை உங்கள் குரலில் சளி தெரிந்தது. மழையில் நனைந்தீர்களா? வெந்நீர் குடியுங்கள். சாப்பாட்டை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளுங்கள்."

சளி பிடித்திருந்தது உண்மை. நிலையத்தில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. ஓட்டல்காரரிடம் போய் வெந்நீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். எழுதியவன் நான்தான் என்பது தெரியும். என்றாலும் சொன்னது சொன்னதுதானே.

அதன்பிறகு ஞாயிறு மத்தியானம் வருவதற்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். வாத்தியார் என் உச்சரிப்பில் மலையாள வாடை அடிக்கிறது என்று கேலி செய்வார். தீபாவளிக்கு ஊருக்குப் போனீர்களா என்று கேட்பார். அதிகாரியும் அந்தக் கடிதங்களுக்காகக் காத்திருக்க ஆரம்பித்ததுதான் விபரீதம்.

"அருமையான மனுஷன் ஓய்! இப்படி ஒருத்தர் மலைமேல ஒக்காந்து கேக்கறார்னா நமக்குப் பெருமையில்லையோ? அவரையே அழைச்சிண்டு வந்து பேட்டி எடும். மேலே உள்ளவா கேக்கட்டும். அரைமணியை யார் தொடறான்னு பாக்கறேன்!"

"அவருக்கு வர சௌகரியப்படுமோ என்னவோ சார்..."

"நீர் போய்க் கூட்டிண்டு வாரும்."

மறு ஞாயிற்றுக்கிழமை கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினேன். பெட்ரோல் பஞ்சம், கரிவாயுவில் ஓடுகிற பஸ். ஏற்றம் வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளவேண்டும். விதுரை வரைக்கும் நான் ஏறியதைவிடத் தள்ளியது அதிகம். அங்கிருந்து தோட்டத்து லாரி. பொய்யைத் தேடிப்போகிறவன் இவ்வளவு பாடுபடவேண்டியிருக்கிறதே என்று எனக்கே என்மேல் இரக்கமாக இருந்தது.

நல்லகாலம், தோட்டத்தில் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. வாத்தியாரும் ஒருவர் இருந்தார். நான் ஐம்பது வயதுக்காரராக எழுதியிருந்தேன். இவருக்கு என் வயதுதான், முப்பதுகூட இருக்காது. திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரர், கிறிஸ்தவர். ஒற்றை ஆள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தின் கடைசி வீட்டில், முழங்கால் வரை வேட்டியைத் தூக்கிக்கொண்டு, காலில் ஒட்டிய அட்டைக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் சொல்லி, அந்த வாத்தியாராக நிலையத்துக்கு வந்து பேசவேண்டும் என்று கேட்டேன். கடிதங்களையும் கொடுத்தேன். ஒவ்வொன்றாக வாசித்தார். நடுவில் இரண்டு தரம் தும்மினார்.

"என்ன சார், தாளெல்லாம் மொளகா நாத்தம்?"

"கீழே மண்டி."

கடைசிக் கடிதத்தையும் மடித்து வைத்தார். "நான் ஒம்ம ரேடியோவக் கண்ணால கூடப் பாத்ததில்ல. ஆனா இந்த வாத்தியாரு ஒம்ம மேல ரொம்பப் பிரியமா இருக்காரு சார். எனக்கு எங்க அம்மைகூட இப்பிடி எழுதல."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எனக்கும் ஒண்ணு எழுதும் சார் அப்பப்ப. வலது கையால எழுதினாலும் செரிதான்."

வருவதாக ஒப்புக்கொண்டார். தாளில் உள்ளதை அப்படியே வாசிப்பதாகவும் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்து, அதிகாரியின் முன்னிலையில் ஒத்திகை பார்த்தோம். அட்சரம் பிசகவில்லை. அதிகாரி பூரித்துப்போய் வெற்றிலை மடித்துக் கொடுத்தார். வாத்தியாருக்கு அந்தப் பழக்கமில்லை; வாங்கி மரியாதையாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம், சிவப்பு விளக்கு எரிந்தது. நான் முதல் கேள்வியை வாசித்தேன்: "எங்கள் நிகழ்ச்சியை முதன்முதலாக எப்போது கேட்டீர்கள்?"

தாளில் இருந்த பதில்: "சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, மலையில் மூடுபனி சூழ்ந்திருந்தபோது..." நல்ல வாக்கியம். நான் அதற்கு ஒரு மத்தியானம் செலவழித்திருந்தேன்.

வாத்தியார் தாளைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தார்.

"நான் கேட்டதே இல்ல சார். அந்தக் கடுதாசியும் நான் எழுதினதில்ல."

துணிச் சுவர் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டது. நான் அடுத்த கேள்வியைப் பார்த்தேன். "அதில் உங்களைக் கவர்ந்த அம்சம் எது?" என்றிருந்தது. அதைக் கேட்கவா முடியும்? வாய் தானாகத் திறந்தது.

"அப்படின்னா எதுக்கு இங்க வந்து இதைச் சொல்லுகீரு?"

யோசித்துப் பார்த்தால், பதில் என்னவென்று தெரியாமல் நான் மைக்கின் முன்னால் கேட்ட முதல் கேள்வி அது.

"பொய் சொல்லணும்னுதான் சார் வந்தேன். ஆனா பொறப்படும்போது பிள்ளையள்ட்ட சொல்லிப்போட்டேன், இன்னைக்கு ரேடியோவுல பேசப்போறேன்னு. தொரை பங்களாவுல பேட்டரி ரேடியோ இருக்கு. பட்லர் ஜன்னலத் தொறந்து வைக்கேன்னுட்டாரு. முப்பது பிள்ளையளும் இப்ப அங்க தோட்டத்துல நிக்கிதுவ. நான் பொய் சொன்னா அடிப்பேன்னு சொல்லிக் குடுத்த பிள்ளையள். அதுவ முன்னால எப்பிடி சார் சொல்லது?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி எழுந்து நின்றிருந்தார். கையில் செல்லம். திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. நான் அவர் பக்கம் பார்க்காமல் வாத்தியாரைப் பார்த்தேன். பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது என்று கேட்டேன். ஆஜர் எடுக்குமுன் பிள்ளைகள் காலில் அட்டை எடுக்கவேண்டும் என்றார். முப்பது பேர், அறுபது கால், ஒரு சிரட்டை உப்பு. முதல் மணி அதிலேயே போய்விடும். மழை வந்தால் தகரக் கூரைச் சத்தத்தில் பாடம் கேட்காது; எல்லாரும் சும்மா ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். உங்களுக்கு அங்கே பேச்சுத்துணைக்கு யார் என்று கேட்டேன். "பிள்ளைய போனப்பெறகு யாரும் இல்ல சார்," என்றார்.  பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்டேன்.

"ஏல, இருட்டப்போகுது. ஆனை எறங்குத நேரம். தனியாப் போவாதிய, கையப் பிடிச்சுக்கிட்டுக் கூட்டமா லயத்துக்குப் போங்க."

அரைமணி முடிந்தது.

வாத்தியாரை வெளியே உட்காரவைத்துவிட்டு அதிகாரி என்னைக் கூப்பிட்டார். கடிதங்களை எழுதியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கள்ளக் கடுதாசி எழுதினீர், அது போகட்டும். வயத்துப்பாடு. கையெழுத்துப் போடாத கேள்வியைக் கேட்டீரே, அதையும் எப்படியாவது சமாளிப்பேன். ஆனா, கேக்கறவன் ஒருத்தனும் இல்லைன்னு நீரே ஆகாசத்துல அறிவிச்சுட்டீரே ஓய்! இனிமே நான் யார்கிட்டப் போய் என்னத்தைச் சொல்ல?" செல்லத்தை மேஜைமேல் வைத்தபடி, "அந்த அட்டை விஷயம் நன்னாத்தான் இருந்தது," என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

மாதக் கடைசியோடு தமிழ் அரைமணி நிறுத்தப்படும் என்று ஆயிற்று.

அடுத்த ஞாயிறு மலைக்குப் போனேன். இடது கைக்கு வேலை இல்லை, வேறு எங்கே போவது? பிள்ளைகள் கேட்டார்களா, என்ன சொன்னார்கள் என்று வாத்தியாரிடம் கேட்டேன். அதைத் தெரிந்துகொள்ளத்தான் பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு போயிருந்தேன் என்பது கேட்டபோதுதான் எனக்கே புரிந்தது.

"கேட்டுதுவ சார்," என்றார். பிறகு வேட்டித் தலைப்பைத் திருகினார். "பேட்டரி முன்னமே முக்காலும் தீந்துபோச்சாம். பட்லர் என்னத்தையோ திருப்பியிருக்காரு, உஸ்ஸுன்னு எரைச்சல்தான் வந்திருக்கு. பிள்ளைய அதக் கேட்டுக்கிட்டு இருட்டுத வரைக்கும் நின்னிருக்குதுவ. நான் பேசினது நல்லா இருந்துச்சுன்னு சொல்லுதுவ."

"நீர் என்ன சொன்னீர்?"

"நானும் தாங்ஸ்னு சொல்லிட்டேன். அதுல ஒண்ணும் பொய் இல்லியே சார்?"

இருவரும் கருப்பட்டிக் காப்பி குடித்தோம். அதிகம் பேசவில்லை. பேச்சுத்துணை இல்லாத இருவர் சந்தித்தால் மூச்சுவிடாமல் பேசுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன்; இருவருக்குமே பழக்கம் விட்டுப்போயிருந்தது. லாரி வந்ததும் கிளம்பினேன்.

பிற்பாடு வேறு ஊர் நிலையங்களில் எத்தனையோ பேரைப் பேட்டி கண்டேன். பதில் எழுதுவதை விட்டுவிட்டேன் என்பதால் திறமைசாலி என்று பெயரும் கிடைத்தது. ஆனால் திருவனந்தபுரத்தில் அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, வணக்கம் சொல்லி, சிவப்பு விளக்கு அணைந்ததும், வெளியே வந்து நின்றேன். அடுத்த செவ்வாயிலிருந்து அந்த நேரத்தில் வீணைக் கச்சேரி. எனக்கு மேலும் பத்து நாள், சாமான்களை எண்ணி ஒப்படைக்கிற வேலை கொடுத்திருந்தார்கள். பத்து நாளும் காலையில் தபால் தட்டைப் போய்ப் பார்த்தேன். தமிழ் நிகழ்ச்சியை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டு ஒரு கடிதமும் வரவில்லை. நானும் எழுதவில்லை.