வெறும் லோரி

லோரியின் பின் ஸ்பிரிங் உடையாத நாளே கிடையாது. ஜப்பான்காரன் வந்த பிறகு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை பாதை முழுக்கக் குழி. சாமானும் வராது. மரம் ஏற்றிய லோரி பாதி வழியில் உட்கார்ந்தால் பட்டறையின் ஜப்பான் அதிகாரி மெக்கானிக்கான என் கன்னத்தில்தான் அறைவான்.

அதனால் செத்துக் கிடந்த லோரிகளிலிருந்து ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி, பக்கத்துக்கு நாலு பட்டை கூடுதலாகச் சேர்த்தேன். கிரீஸ் ஏது? பட்டைகளுக்கு நடுவே செம்பனை எண்ணெய் பூசினேன். அந்தச் சிவப்பு நகக்கண்ணில் ஏறினால் மூன்று நாளைக்குப் போகாது. "இன்னிக்கும் பட்டை வேலையா?" என்று கையைப் பார்த்தே என் மனைவி கேலி செய்வாள். அதன்பின் ஸ்பிரிங் உடையவே இல்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஒரு குறை இருந்தது. பாரம் ஏற்றினால்தான் அந்த ஸ்பிரிங் வளைந்து கொடுக்கும். காலியாக ஓடினால் குழிக்குக் குழி தூக்கிப் போடும். போனால் போகட்டும், மரத்துக்குத்தானே என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வீடு கிள்ளானில். மாலையில் மரத்தோடு வரும் லோரியில் டிரைவர் அண்ணனோடு நானும் வருவேன், காலையில் காலி லோரியில் பிரிக்பீல்ட்ஸ் பட்டறைக்குத் திரும்புவேன். ஒருநாள் விடிந்ததும் ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவிக்கு ரத்தம் போகத் தொடங்கியது. வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் வந்து பார்த்துவிட்டு, "கோலாலம்பூருக்குக் கொண்டுபோ, ஆட்டாமக் கொண்டுபோ" என்றார். அன்றைக்கு ரயில் இல்லை. இருந்தது என் லோரி. பட்டைகளைக் கழற்ற அரை நாள் ஆகும், ஜாக்கியும் பட்டறையில் இருந்தது.

பக்கத்துச் சீன முதலாளி தவுக்கேயின் கொட்டகையில் வாங்க ஆளில்லாத ரப்பர் ஷீட் மலையாகக் கிடந்தது. ஓடிப்போய்க் கேட்டேன். "அம்பில் லா, எடு" என்று கதவைத் திறந்துவிட்டு, தானும் தூக்கினார். டிரைவர் அண்ணனும் நாங்களும் பின்பக்கம் அழுந்தும் வரை அடுக்கி, மேலே மெத்தையைப் போட்டு அவளைப் படுக்க வைத்தோம்.

"ஆடவே இல்லீங்க" என்றாள் வழியில். எனக்கு உயிர் வந்தது.

மேடு வந்தது. மரத்தோடு வரும்போது அது இறக்கம், இப்போது ஏற்றம். பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடும் எஞ்சின். பாதி ஏறி நின்றுவிட்டது.

"பாரத்தோட ஏறாது தம்பி. எறக்கணும்" என்றார் அண்ணன்.

"மேல தூக்கிட்டு வந்து திரும்ப ஏத்திக்கலாமே அண்ணே?"

"ரெண்டு பேரு தூக்க மத்தியானம் ஆயிரும். தங்கச்சி தாங்குமா?"

அவளைப் பார்த்தேன். ரத்தம் சேலையை நனைத்து மெத்தை வரை வந்திருந்தது. ஷீட்டுகளை நானே பாதையோரம் தள்ளினேன்.

மேட்டைத் தாண்டியதிலிருந்து லோரி உதைக்க ஆரம்பித்தது. அண்ணன் நடை வேகத்தில்தான் ஓட்டினார். அவளை மடியில் தூக்கி வைத்து, என் உடம்பு அடியை வாங்கிக்கொள்ளாதா என்று பார்த்தேன். எல்லாம் அவளுக்கும் போய்ச் சேர்ந்தது. முதலில் கத்தினாள். பிறகு என் சட்டையைக் கடித்துக்கொண்டாள். ஒவ்வொரு குழியிலும் எந்தப் பட்டை உதைக்கிறது என்றுகூட எனக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய?

ஆஸ்பத்திரியில் அவள் பிழைத்தாள். ஆண் குழந்தை. அழவில்லை. கிளம்பும் முன்பே போயிருக்கும், வழியில் போயிருக்கும், சொல்ல முடியாது என்றார்கள். எனக்கு இன்றுவரை சொல்ல முடியவில்லை.

அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுவாரம் அதிகாரி என்னைக் கூப்பிட்டான். அடிக்கவில்லை, முதுகில் தட்டினான். அந்த லோரியைக் காட்டி, மற்ற ஆறு லோரிக்கும் இதே ஸ்பிரிங் போடு என்றான். முடியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அன்றைக்கே முதல் லோரியை ஜாக்கியில் ஏற்றினேன்.

சாயங்காலம் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "இன்னிக்கு என்ன வேலை?"

"பிரேக்" என்றேன்.

வேகவைத்த மரவள்ளிக்கிழங்கை நீட்டினாள். வாங்கக் கை நீட்டியபோது என் நகக்கண்ணைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, அடுப்புச் சாம்பலை ஒரு கை அள்ளி என் உள்ளங்கையில் போட்டாள்.

"கழுவிட்டு வாங்க."

நெடுநேரம் தேய்த்தேன். போகவில்லை.