ஒரு அரிசியும் விழாத தளம்

சென்ற கோடையில் மரத்தளம் போடுவது பற்றி மூன்று புத்தகங்கள் வாசித்து, அறுக்கும் இயந்திரம் வாங்கி, முழங்காலுக்கு உறையும் வாங்கிய பிறகு, ஒரு பலகையைக்கூடத் தொடாமல் தச்சரைக் கூப்பிட்டவள் நான். அவர் பின்வளவில் வேலை செய்த இரண்டு நாளும் நான் முழங்கால் உறையோடு வீட்டுக்குள் நடமாடினேன். பயம்தான். பலகைக்கும் எனக்கும் பழைய வழக்கு ஒன்று உண்டு.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பிரெடெரிசியா என்ற டேனிஷ் ஊரில் முதன்முதலாகச் சொந்த வீடு வாங்கியிருந்தோம். பின்கதவைத் திறந்தால் சேறு. அங்கே ஒரு மரத்தளம் வேண்டும் என்பதில் சண்டையில்லை. யார் போடுவது என்பதில்தான் சண்டை. அம்மாவின் தம்பியான மாமா தன் வீட்டுக்கு டேனிஷ் தச்சர் ஒருவரை வைத்துப் போட்டவர். “அத்தான், வேலை தெரிஞ்சவனைக் கூப்பிடுங்கோ. பிறகு கவலைப்படுவியள்” என்றார். அப்பாவோ மாமாவின் தளத்தில் பலகைகளுக்கு நடுவே இருந்த இடைவெளிகளைப் பார்த்து, “இதென்ன மச்சான், ஆட்டுக்கொட்டிலோ? புழுக்கை விழ வழி விட்டிருக்கிறான்” என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகு பின்வாங்க முடியுமா? ஒரு அரிசி விழுந்தாலும் கீழே போகாத தளத்தை அவர் தன் கையால் போட்டே ஆகவேண்டும்.

பக்டரி வேலை முடிந்து வந்து, குனிந்த முதுகு நிமிராமல், பலகையோடு பலகையை நெருக்கி அடித்தார். முக்கால்வாசி முடிந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்மணி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். தன் வீட்டுத் தளத்தைத் தானே போட்டவர். மழையில் மரம் ஊறிப் பருக்கும், இடைவெளி விடவேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் கிளம்பிவிடும் என்று டேனிஷில் சொல்லி, இரண்டு விரலைச் சற்றே விரித்தும் காட்டினார்.

“என்னவாம் மனுசி?” என்று அப்பா என்னைக் கேட்டார். வீட்டின் மொழிபெயர்ப்பாளர் நான்தான். வியர்வை வடியும் அந்த முகத்தைப் பார்த்தேன். அடுத்த ஞாயிறு மாமா குடும்பம் சாப்பிட வருகிறது.

“வடிவா இருக்காம், அப்பா.”

என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு நானே அதிர்ந்து போனேன். அப்பா அந்தப் பெண்மணியைப் பார்த்து நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தார். பெண்மணியோ குழம்பிப்போய்த் தன் வீட்டுக்குள் போனார்.

மிச்சத்தையும் அப்படியே அடித்து முடித்தார். பிறகு நான்கு நாள் விடாத மழை.

ஞாயிறு, மாமா வந்து சப்பாத்தைக் கழற்ற முன்பே, “வா மச்சான், வந்து பார்” என்று அப்பா பின்கதவைத் தள்ளினார். அது இரண்டு விரற்கடை நகர்ந்து நின்றது. இன்னும் தள்ளினார். அசையவில்லை. எல்லோரும் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். தளத்தின் நடுப்பகுதி எருமை முதுகுபோல எழும்பி நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே படாரென்று இன்னொரு பலகை திருகாணிகளைப் பிடுங்கிக்கொண்டு துள்ளியது. அம்மா “ஐயோ!” என்று கறிச்சட்டியோடு பின்வாங்கினார். மாமா ஒன்றும் சொல்லவில்லை. மாமா ஒன்றும் சொல்லாமல் இருந்ததை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். துள்ளிய பலகையைவிட அதுதான் பயமாக இருந்தது.

சாப்பாட்டின்போதுதான் அவருக்குப் பேச்சு வந்தது. “ஆட்டுக்கொட்டில் வேண்டாமெண்டு கோபுரமே கட்டிப்போட்டியள், அத்தான்.”

அப்பா சிரித்தார். என் பக்கம் திரும்பவேயில்லை. அடுத்த கிழமை மாமாவின் தச்சர் வந்து எல்லாவற்றையும் கழற்றி, இடைவெளி விட்டு அடித்துக் கொடுத்தார்.

இருபது வருடம் அந்தப் பொய்யைச் சுமந்தேன். அப்பாவின் மானத்தைக் காப்பாற்றப் போய் அதைக் கவிழ்த்தவள் நான் என்று நினைத்தே வளர்ந்தேன். ஒருநாள் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு கோல்டிங்குக்குப் போகும்போது தாங்கமுடியாமல் சொல்லிவிட்டேன்.

அப்பா தோடம்பழம் உரிப்பதை நிறுத்தவில்லை.

“அந்த மனுசி சொன்னது எனக்கு அப்பவே விளங்கினதடி. அஞ்சு வருசம் பக்டரியில அவங்களோடை நிண்டவனுக்கு அந்தளவு டேனிஷ்கூட விளங்காதோ? நீ வடிவெண்டு சொன்னாய். அது எனக்குக் கேக்க நல்லா இருந்தது. இந்தா, சுளை.”