மருதாயி மிஸ்

யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கிற அந்த ரப்பர் தோட்டத்தில் மருதாயிக்குப் பயப்படாத ஆம்பளை கிடையாது. ஆள் என்னவோ ஒல்லிக்குச்சிதான். மற்ற நாளெல்லாம் எல்லோரையும் போல மலையில் பால் வெட்டுகிறவள். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் உடுக்கை அடிக்கத் தொடங்கினால் போதும், ஆத்தா அவள் மேல் இறங்கிவிடுவாள். அப்புறம் கங்காணியாவது, சங்கத் தலைவராவது, எல்லோருக்கும் "அடேய்"தான். பெண்டாட்டியை அடித்தவன், சம்பளத்தைக் கசிப்புச் சாராயத்தில் விட்டவன், ஒருவனையும் விடமாட்டாள்.

"இனி இவ மேல கை வச்சேன்னா அந்தக் கை வெளங்காதுடா!"

அவனும் ஈரத்துணியோடு தரையில் விழுந்து சத்தியம் பண்ணுவான். திருட்டுத்தனமாகக் குடித்தாலும் கை நீளாது. ஆனால் ஆத்தா ஒருவரை வெறுமனே பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வாக்கு இல்லை, குற்றம் உன் பக்கம். தோட்டத்தில் சின்னப்பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

சொல்வதில் பாதி தானாக வருவது, பாதி அவளாகச் சொல்வது. காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்திலும் தண்ணீர் பிடிக்கிற பீலியடியிலும் காதில் விழுந்ததெல்லாம் உள்ளே சேர்ந்து கிடக்கும். எது ஆத்தா, எது தான் என்று அவள் பிரித்துப் பார்த்ததில்லை. அடி நின்றதா, அது போதும்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் ஒரு தொண்டு நிறுவனம் தோட்டத்துக்குள் ஜீப்பில் வந்து இறங்கியது. இங்கே குடியும் அடிதடியும் அதிகம், ஆகவே தோட்டத்திலேயே ஆள் எடுத்து உளவளத்துணையாளர் ஆக்கப்போகிறோம் என்றார்கள். மனசு நொந்தவர்கள் பேசுவதைக் கேட்டு ஆற்றுகிற வேலை. கஷ்டத்தை யாரிடம் சொல்வீர்கள் என்று விசாரித்தபோது வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் ஒரே பெயர்தான் வந்தது. நாற்பத்தைந்து வயதில் மருதாயி கேகாலைக்குப் படிக்கப் பஸ் ஏறினாள்.

அவளுக்கும் ஆசை இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. முழங்கால் போய்விட்டது, மலை ஏற முடியவில்லை. இது உட்கார்ந்து செய்கிற வேலை. மடிப்புக் கலையாத சேலை, காலில் செருப்பு. "மிஸ்" என்று கூப்பிடுவார்கள். காலமெல்லாம் "ஏய், வா, போ" என்றே கேட்டு வளர்ந்தவளுக்கு இது சின்ன ஆசையா?

வகுப்பெடுத்த துஷ்யந்தி கொழும்புப் பெண், மருதாயிக்கு மகள் வயது. நல்ல பிள்ளைதான். ஆனால் இவள் சாமியாடுகிறவள் என்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டது.

"ரெண்டையும் ஒண்ணா செய்ய ஏலாது அக்கா. நாங்க கட்டளை போடுறதில்ல, தீர்ப்புச் சொல்றதில்ல. அவங்களுக்கே ஒரு வழி தெரியும் வரைக்கும் பொறுமையா கேக்கணும்."

"அடிக்கிறவன ஒரு வார்த்தை கண்டிக்கக் கூடாதுங்களா?"

"கூடாது. பொலிஸ்ல என்ட்ரி போடலாம்னு சொல்லலாம். வற்புறுத்தக் கூடாது."

மருதாயி வெள்ளிக்கிழமைக் கோயிலை விட்டாள். உடுக்கைச் சத்தம் கேட்டால் ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்தாள். சான்றிதழ் கிடைத்தது. கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் ஒரு பக்கம் தடுத்து, மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டுக் கொடுத்தார்கள்.

முதலில் வந்தவள் பக்கத்து லயத்து சுஜீதா. புருஷன் அழகமுத்து, கை நீட்டுகிற முரடன். கல்யாணமான புதிதில் ஆத்தாவிடம் ஒரு "அடேய்" வாங்கி, கொஞ்ச வருஷம் பெட்டிப் பாம்பாக இருந்தவன். ஆத்தா வருவதில்லை என்றானதும் பழையபடி ஆரம்பித்துவிட்டான். சுஜீதா வாசலிலேயே செருப்பைக் கழற்றினாள். வெற்றிலையில் வைத்து எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தாள். அதை மேசைமேல் வைத்துவிட்டு நின்றாள்.

"உக்காருங்க" என்றாள் மருதாயி. வாடி போடி என்று பழகினவளுக்கு, படித்தபடி "நீங்க" போட்டாள்.

நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டு சுஜீதா எல்லாவற்றையும் சொன்னாள். கன்னம் வீங்கியிருந்தது. மருதாயிக்கு நாக்கு நுனிவரை "அடேய்" வந்தது, விழுங்கினாள். பொலிஸ் என்றதற்கு சுஜீதா வேண்டாமென்று தலையாட்டினாள். மருதாயி வற்புறுத்தவில்லை. முகத்தைப் பார்த்தபடி, சொல்லிக்கொடுத்த மாதிரியே அமைதியாக இருந்தாள்.

சுஜீதா காத்திருந்தாள். வெகுநேரம் காத்திருந்துவிட்டு, பழத்தை எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விட்டாள். மனசில் உள்ளதைக் கொட்டிவிட்டாள், பாரம் குறைந்திருக்கும் என்று மருதாயி நினைத்தாள். அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மழைக்காலம் முடியுமுன் சுஜீதாவைக் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். வலது மணிக்கட்டு நொறுங்கியிருந்தது. பால் வெட்டுகிற கை. மருதாயி பார்க்கப் போனாள்.

"ஏம்மா, மறுபடி எங்கிட்ட வந்திருக்கலாமே?"

"என்னாத்துக்கு அக்கா? நீங்கதான் வாயே தொறக்கலையே. தப்பு எம்மேலதான்னு அன்னைக்கே வெளங்கிருச்சு. ஆத்தா வாக்குக் குடுக்கலன்னு அவருகிட்டயும் சொல்லிட்டேன்."

எல்லோரையும் விட அவளுக்கல்லவா இது தெரிந்திருக்க வேண்டும்? தன் மௌனத்துக்கு இந்தத் தோட்டத்தில் என்ன அர்த்தமென்று அவளுக்கே மறந்துபோயிருந்தது.

துஷ்யந்தியிடம் அழுதபோது அவள் தோளைத் தொட்டுச் சொன்னாள்: "நீங்க முறைப்படிதான் செஞ்சிருக்கீங்க அக்கா. உங்களையே குத்தம் சொல்லிக்காதீங்க."

அந்த முறையை வைத்து நாக்கு வழிக்கவா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை, தலையை ஆட்டினாள். அதைத்தானே படித்திருந்தாள்.

அடுத்த வருஷம் நிறுவனம் மூட்டையைக் கட்டியது. துஷ்யந்தி கண்கலங்கி விடைபெற்றுப் போனாள். அறைக்குப் பூட்டு விழுந்தது. சுஜீதா கோணிய கையோடு புல்லுப் பிடுங்கப் போனாள். அழகமுத்துவின் கை நன்றாகவே இருந்தது. அடிப்பதை அவன் நிறுத்தவும் இல்லை.

திருவிழா வந்தது. ஆத்தா வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, அவனை ஒரு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று மருதாயி மஞ்சள் சேலை கட்டி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, வேப்பிலையோடு உச்சி வெயிலில் இறங்கினாள். உடுக்கை முழங்கியது. ஒன்றும் வரவில்லை. முழங்கால் வலித்தது, கால் சுட்டது, அவ்வளவுதான். ஆனாலும் ஆடினாள். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. சுஜீதா நிமிர்ந்து பார்த்தாள்.

"அடேய், அழகமுத்து!"

குரல் எழும்பவில்லை. அந்த அறையில் பேசிப் பழகிய பதமான குரல்தான் வந்தது.

அழகமுத்து இரண்டடி முன்னால் வந்தான். விழவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னான்:

"சொல்லுங்க மிஸ், கேக்குறேன்."