மூன்றாவது சரணமும் சப்போட்டா ஜூஸும்

எங்கள் திருத்தணி மலையடிவாரத்து ஜூஸ் பாரில் புதன்கிழமை சாயங்காலமானால் யுகுலேலி கச்சேரி. யுகுலேலி என்பது கிடாருக்குத் தங்கை, நாலே கம்பி. யார் வேண்டுமானாலும் மைக்கைப் பிடித்து வாசித்துப் பாடலாம். பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிய சீட்டுகளில் உட்காருவோம். கவிழ்த்துப் போட்ட பழப்பெட்டிகள்தான் மேடை. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஆந்திர பக்தர்கள் பஜனை என்று நினைத்து உள்ளே வந்து தாளம் போடுவார்கள். அவர்களிடம் உண்மையைச் சொல்ல யாருக்கும் மனசு வராது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பாட்டு சகிக்கவில்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பின் சீட்டிலிருந்து யாராவது, "ஒரு சப்போட்டா" என்பார்கள். கடைக்காரர் மிக்ஸியைப் போடுவார். பாடுகிறவர் புரிந்துகொண்டு கும்பிட்டு இறங்கிவிட வேண்டும்.

என்னை இரண்டாவது சரணம் தாண்ட விட்டதே இல்லை. சர்ச் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்று பாடியவள் நான். அங்கே மிக்ஸி கிடையாது, அதனால் என் குரலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் உயர்ந்த எண்ணம்.

வீட்டில் யுகுலேலியை எடுத்தாலே என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். ஒரு புதன்கிழமை என்ன தோன்றியதோ, "நானும் வர்றேன்" என்று கிளம்பிவிட்டார். அவர் முன்னால் ஒரே ஒரு பாட்டை முழுசாகப் பாடி முடித்துவிட்டால் போதும்.

அரக்கோணம் ரயிலில் சீட்டுக்குச் சண்டை போடுவதைப் பற்றி நானே கட்டிய பாட்டு. முதல் சரணம் போனது. இரண்டாவதும் போனது. யாரும் வாய் திறக்கவில்லை. மொட்டைத்தலை அம்மா ஒருவர் கண்ணை மூடித் தலையாட்டினார். மூன்றாவதை எடுத்தேன், குரல் கணீரென்று வந்தது.

என் வீட்டுக்காரர் எழுந்தார்.

"எல்லாருக்கும் சப்போட்டா போடுங்க."

ஜாடி ஜாடியாக மிக்ஸி ஓடியது. கும்பிட்டு இறங்கினேன். வழக்கம் தெரிந்தவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தபடியே குடித்தார்கள். அவரோ சிரித்த முகமாக எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினார். அதை அவர் தலையில் ஊற்றத்தான் ஆசையாக இருந்தது.

ஸ்கூட்டரில் அவர் மேல் படாமல் தள்ளி உட்கார்ந்தேன்.

"இன்னா, உம்முனு வர்றே?"

அந்தக் கடையின் வழக்கத்தைச் சொன்னேன். அவர் வண்டியை ஓரங்கட்டினார்.

"எனக்கு இன்னா தெரியும்? நீ பாட்டுக்கு சூப்பரா பாடிகினு இருந்தே. சந்தோசமா இருந்துச்சு, அதான் எல்லாருக்கும் சொன்னேன்."

கல்யாணமான நாளிலிருந்து என் பாட்டை அவர் பாராட்டியது அதுதான் முதல்முறை. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"மிச்சத்த இப்ப பாடு," என்று வண்டியைக் கிளப்பினார்.

மூன்றாவது சரணத்தை எடுத்தேன். இரண்டு வரிகூடப் போகவில்லை, அவரும் சேர்ந்துகொண்டார். தெருநாய் ஒன்று எழுந்து நகர்ந்தது. அப்படி ஒரு குரல், அவ்வளவு சந்தோஷமாக.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜூஸ் கடை வந்தது. அவர் தோளைத் தட்டினேன்.

"கொஞ்சம் நிறுத்துங்க. எனக்கு ஒரு சப்போட்டா."