ஆண், பெயர் குப்பை

திருச்சுழி தாலுகா அலுவலகப் பதிவறையில் காத்திருக்கிறேன். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுவதாகப் பேர். எங்கள் கொள்ளுத்தாத்தாவை ராஜகம்பீரம் என்றுதான் சித்தப்பா கல்யாணப் பத்திரிகைகளில் அச்சடிக்கிறார். அந்த மகாராஜாவின் பிறப்புப் பதிவை நகலெடுத்து, சட்டம் போட்டு, மதுரை வீட்டுக் கூடத்தில் மாட்டப் போகிறோம். ஆணிகூட அடித்தாயிற்று.

எழுத்தர் அம்மா கரையான் மிச்சம் வைத்த பக்கங்களைப் பிரிக்கிறார். நான் சொன்ன ஊரும் தகப்பன் பெயரும் ஒரே வரியில் வருகின்றன. பிள்ளையின் பெயர் மட்டும் குப்பை.

"இது வேற யாரோ," என்கிறேன்.

"இவுகதான் சார். முந்திப் பெறந்தது தங்கலேன்னா, அடுத்த பிள்ளையக் குப்பையில போட்டு எடுத்து, இப்பிடித்தான் பேரு வைப்பாக. எமன் சீண்டக் கூடாதுல்ல."

நான் நம்பாமல் பார்க்கிறேன். அவர் இறப்புப் பதிவேட்டை எடுத்துத் தேடி விரல் வைக்கிறார். அதே தகப்பனுக்கு, முந்தைய வருடங்களில் மூன்று வரிகள். பெயர் எழுத வேண்டிய இடத்தில் மூன்றிலும் 'குழந்தை' என்று மட்டும் இருக்கிறது.

"எது எதுக்கு சார் நகல் வேணும்? பெறப்புக்கு மட்டுமா?"

"நாலுக்கும் குடுங்க," என்கிறேன்.

கூடத்தில் ஒரு ஆணிதான் அடித்திருக்கிறது.